ஏழாம் பகுதியில் சூடு

ஜூன் 3, திங்கள்

டிராக்டர் கம்பெனிக்காரன் கொடுத்த இந்த டைரி ஐந்து மாதமாகப் பீரோவில் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதுகிறேன். பெரிய மனிதர்கள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதாமல் விட்டால் நாளைக்கு யாருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

பெயர் வையாபுரி. வயது ஐம்பத்தாறு, பார்த்தால் நாற்பத்தைந்து. படிப்பு ஒன்பதாம் வகுப்பு, ஆனால் அது அந்தக் காலத்து ஒன்பது. இந்தக் காகித ஆலையின் கரி யார்டில் இருபத்திரண்டு வருடமாகச் சூப்பர்வைசர். கப்பலில் வந்த நிலக்கரி இங்கே மலை மாதிரி குவிந்து கிடக்கும். சும்மா கிடக்கும்போதே உள்ளுக்குள் சூடேறிப் புகையும். குவியலுக்கு அடியில் ஒரு சுரங்கம். அதில் ஓடும் பெல்ட்டில் கரி விழுந்து பாய்லருக்குப் போகும். எங்கே சூடு, எங்கே புகை என்று மூக்காலேயே சொல்லிவிடுவேன். ஜெர்மனிக்காரன் ஒருவன் வந்தபோது என் மூக்கைத் தனியாக போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

இன்று மேனேஜர் கூப்பிட்டார். சுரங்கம் நெடுக ஒரு கண்ணாடி இழையைக் கட்டப்போகிறார்களாம். தலைமுடி கனம்தானாம். எந்த மீட்டரில் சூடு என்று அதுவே சொல்லிவிடுமாம். ஒரு மாதம் சோதனை. பத்து முறைக்கு மேல் பொய்யாக அலாரம் அடித்தால் கழற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வருகிறாராம்.

வரட்டும். எத்தனையோ இன்ஜினியரைப் பார்த்தாயிற்று.

ஜூன் 5, புதன்

இன்ஜினியர் வந்தாயிற்று. பெயர் தாரணி. அங்கமுத்துவின் மகள்.

அங்கமுத்து என் சகலை. நானும் அவனும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். மூத்தவள் தெய்வானை எனக்கு, இளையவள் அவனுக்கு. இதே சுரங்கத்தில் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாருகிற வேலை செய்கிறான், கான்ட்ராக்டில். அதுவும் நான் ஒரு வார்த்தை சொல்லித்தான் கிடைத்தது.

அவள் ஆபீஸ் அறைக்குள் வந்ததும் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். இருபத்திரண்டு வருடத்தில் எனக்காக ஒரு தடவைகூட எழுந்ததில்லை. முதுகு வலி என்று நினைத்திருந்தேன்.

“பெரியப்பா! இனி ஒரு மாசம் உங்க ராஜ்ஜியத்துலதானுங்க எனக்கு வேலை,” என்று சிரித்தாள்.

“வா அம்மிணி, வா. எதாருந்தாலும் என்னையக் கேளு.”

அங்கமுத்து வாரியலோடு கதவோரமாக நின்றான். முகமெல்லாம் கரி, பல் மட்டும் தெரிந்தது. “சாப்டியா பாப்பா?” என்றான். அவள் மேனேஜர் முன்னாலேயே தன் துப்பட்டா முனையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். வெள்ளைத் துப்பட்டா. பாழ்.

என் மகன் கதிரவனும் இன்ஜினியரிங் படித்தவன்தான். இரண்டு வருடத்திலேயே கல்லூரிக்கு அவன் அறிவு தாங்காமல் வெளியே வந்துவிட்டான். இப்போது திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் பெரிய பொறுப்பு.

ஜூன் 8, சனி

நான்கு நாளாக இழை கட்டுகிறார்கள். மெல்லிய எஃகுக் குழாய்க்குள் இழை. கண்ட்ரோல் ரூமில் தொடங்கி, சுரங்க வாய் வழியாக உள்ளே கடைசி வரை.

“ஏம்மிணி, இந்த நூலுக்குச் சூடு எப்படித் தெரியும்? அதுக்கென்ன தோலா இருக்குது?”

“ஒரு முனையில இருந்து வெளிச்சத்தைத் தட்டி விடுவோமுங்க பெரியப்பா. அது போற வழியெல்லாம் துளித்துளியாத் திரும்பி வரும். சூடான எடத்துல இருந்து வர்ற வெளிச்சம் கொஞ்சம் மாறியிருக்கும். எத்தனை நேரத்துல திரும்புச்சுன்னு பாத்தா எந்த மீட்டர்னு தெரிஞ்சுரும். உள்ள கரண்டே போறதில்லைங்க, பொறி பறக்காது. இழைமேல வேற பூச்சு பூசினா வாயு, அமிலம்கூடக் கண்டுபுடிக்கும்.”

“இதைத்தான் நான் பத்து வருசத்துக்கு முன்னாலயே மேனேஜர்கிட்டச் சொன்னேன்.”

அங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டு வாரினான். தோள் குலுங்கிற்று. தும்மலாக இருக்கும்.

ஒன்றை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். மிச்சமான இழை பதினைந்து மீட்டரை வெட்டாமல், பின்னால் எங்காவது அறுந்தால் ஒட்டுவதற்கென்று, வளையமாகச் சுருட்டி ஓர் ஆணியில் மாட்டிவிட்டார்கள். சுரங்க வாயில் என் ஸ்டூலுக்கு மேலே இருக்கும் ஆணி. அது என் ஆணி. இருபத்திரண்டு வருடமாக நான் டீ வாங்கி வரும் தூக்குப்போசி தொங்குகிற ஆணி. யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஜூன் 12, புதன்

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

பத்தரை மணிக்கு வழக்கம்போல கேண்டீனிலிருந்து எட்டுப் பேருக்கு டீ வாங்கி வந்தேன். கொதிக்கக் கொதிக்க. தூக்குப்போசியை என் ஆணியில் மாட்டினேன். இழை வளையம் இருந்தால் எனக்கென்ன, அதற்கு நடுவில் மாட்டினேன். டீ நேரத்துக்குப் பெல்ட்டை நிறுத்தினார்கள். அங்கமுத்து மட்டும் வரவில்லை. பெல்ட் நின்றிருக்கும்போதுதான் அவன் அடியில் புகுந்து வார முடியும், அவனுக்கு எப்போதும் ஆறின டீதான்.

பத்து நிமிடத்தில் சங்கு ஊதியது. வாக்கிடாக்கியில் “ஏழாம் பகுதியில சூடு! ஏழாம் பகுதி!” என்று கத்தல். கண்ட்ரோல் ரூமிலிருந்தே இழையைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். ஏழு என்பது என் ஸ்டூலில் தொடங்கி உள்ளே ஐம்பது மீட்டர் வரை. தீயணைப்புக்காரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்கள். தாரணி ஹெல்மெட்கூட இல்லாமல் ஓடி வந்தாள். பெல்ட் ஓடும் உருளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சில்லென்று இருந்தது.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “என்னம்மா இது?” என்றார். அவள் முகம் வாடிப்போயிற்று.

எல்லோரும் போன பிறகு தூக்குப்போசியைக் கழற்றினேன். இழை வளையம் தொட்டால் சுட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒன்பதாவதுதானே.

வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

இன்று இரண்டு முறை. காலை 10.40, மாலை 3.40. டீ நன்றாக இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

மாமனார் வீட்டில் கிடா விருந்து. அந்த வீட்டில் முதல் மாப்பிள்ளை நான். முதல் இலை எனக்கு, ஈரல் எனக்கு. முப்பது வருடமாக அப்படித்தான்.

இன்றும் இலை முதலில் எனக்குத்தான் விழுந்தது. ஆனால் மாமியார் ஈரலை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்த் தாரணி இலையில் வைத்தார். “மூளைக்கு வேலை செய்யற புள்ளை, தின்னு சாமி,” என்றார். என் இலையில் எலும்பு.

“பெரியப்பாவுக்கு வையுங்கம்மாயி,” என்று அவள் பாதியை எடுத்து நீட்டினாள்.

“வேண்டாம் கண்ணு, டாக்டர் எனக்கு ஈரல் திங்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு,” என்றேன்.

“எந்த டாக்டரு?” என்றாள் தெய்வானை, சபையில் சத்தமாக.

மாமனார் அங்கமுத்துவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அவன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மகளைப் பற்றியும் பேசவில்லை. அதுதான் ஆத்திரம். பீற்றிக்கொண்டாலாவது ஒரு குத்து குத்தலாம்.

ஜூன் 19, புதன்

தாரணி என் ஸ்டூல் பக்கத்தில் தரையில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இதுவரை ஏழு பொய் அலாரம்.

“சரியா இந்தச் சுருள் பக்கமாத்தானுங்க காட்டுது. இழை ஒட்டின எடத்தை மாத்திட்டேன், வெளிச்சம் விடற பெட்டியையும் மாத்திட்டேன். டீ டைமுல பெல்ட்டு நிக்கறதால காத்து ஓடாம சூடு தங்குதோ என்னமோ. பெரியப்பா, நீங்க இங்கயேதான உக்காந்திருக்கீங்க. ஏதாச்சும் பாத்தீங்களா?”

ஆணியில் வளையம் மட்டும் தொங்கியது. சங்கு ஊதியதும் தூக்குப்போசியைக் கழற்றிக் கீழே வைத்துவிடுவேன். அது என் கால் பக்கத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

“இல்லியே கண்ணு.”

“இதான் பெரியப்பா எனக்கு மொத தனி வேலை. இது ஓடுச்சுன்னாத்தான் கம்பெனியில நிரந்தரம் பண்ணுவாங்க. இல்லீன்னா இந்த மாசத்தோட கணக்கு முடிச்சு அனுப்பிருவாங்க.”

கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் கரி ஈஷிக்கொண்டது. சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து மிக்சரில் கடலை பொறுக்கித் தின்ற பெண். எனக்கு வாய் வரை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது.

அப்போது அவள் சொன்னாள்: “கதிரண்ணனுக்கு நான் எங்க கம்பெனியில சொல்லட்டுங்களா பெரியப்பா? கேபிள் இழுக்கறதுக்கு ஆள் எடுக்கறாங்க. பனியன் மடிக்கிற வேலையில எத்தனை நாளைக்குங்க நிக்கறது, பாவம்.”

பாவமாம்.

மாலை 3.40-க்கு எட்டாவது.

ஜூன் 22, சனி

தெய்வானைக்குப் பல் வலி. கிராம்பு வாங்கினேன். சைக்கிளுக்குப் புது பிரேக் கட்டை. வேலையில் விசேஷம் ஒன்றுமில்லை. ஒன்பது.

கண்ட்ரோல் ரூமில் அந்த அலாரத்துக்கு ‘டீ மணி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜூன் 25, செவ்வாய்

பத்து. இன்னும் ஒன்றே ஒன்று. வாக்கிடாக்கியில் மேனேஜர் குரல்: “ஏழாம் பகுதிக்குச் சங்கை ஆஃப் பண்ணுங்கய்யா. வேலை கெடுது. திரையில வந்தா வந்துட்டுப் போகுது.”

தாரணி என்னைத் தாண்டிப் போனாள். சிரித்துக்கொண்டேதான் “வரேனுங்க பெரியப்பா” என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

இன்று என் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள்.

காலையில் கேண்டீனில் பால் திரிந்துவிட்டது. டீ இல்லை. வெறும் தூக்குப்போசியை மேசைக்கடியில் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பெல்ட் நின்றது. அங்கமுத்து உள்ளே வாரிக்கொண்டிருந்தான்.

வாக்கிடாக்கியில் ஒருவன் சிரித்தான்: “ஏழாம் பகுதி ஆரம்பிச்சிருச்சு. டீ வந்துருச்சுடோய்!”

ஆணியைப் பார்த்தேன். வளையம் மட்டும் தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒரே ஓட்டம்! உள்ளே முந்நூறு மீட்டர் புலி மாதிரிப் பாய்ந்தேன். உருளை ஒன்று சிக்கிச் சூடேறி, அதன்மேல் நின்றுவிட்ட பெல்ட் பற்றிக்கொண்டிருந்தது. தீ கூரை வரை. அதற்கு அந்தப் பக்கம் அங்கமுத்து முதுகைக் காட்டிக்கொண்டு, மூக்கில் துணி கட்டி, ஒன்றும் தெரியாமல் வாரிக்கொண்டிருக்கிறான். பெல்ட் மறுபடி ஓடாமல் தடுக்கும் அவசரக் கயிற்றை இழுத்தேன். ஒரு கையில் தீயணைப்பு சிலிண்டர், மறு தோளில் அங்கமுத்து. எழுபது கிலோ ஆளை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆலை ஆஸ்பத்திரியில் எனக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். எனக்கு எதற்கு என்றே தெரியவில்லை. அங்கமுத்துவுக்கு வைக்க வேண்டியதை மாற்றி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவன் பக்கத்தில் மோர் வாங்கிக்கொண்டு நின்றான்.

ஜூன் 29, சனி

தொண்டை புண். விடுப்பு. மேனேஜரே போன் செய்தார். “அந்த மெஷினைவிட உன் மூக்குதான்யா மெஷின்! பொய் அலாரம் அடிச்சு அடிச்சு எல்லாரையும் தூங்க வெச்சிருச்சு. திங்கக்கிழமை உனக்குப் பாராட்டு. செவ்வாய்க்கிழமை அதைக் கழட்டறோம்.”

சாயங்காலம் அங்கமுத்து குடும்பத்தோடு வந்தான். கொழுந்தியாள் அழுதாள். “மாமா, என்ற தாலியைக் காப்பாத்திட்டீங்க,” என்றாள்.

தெய்வானை கேட்டாள்: “நெசமாவே தோள்லயா தூக்கீட்டு வந்தாரு இவரு?”

நான் அங்கமுத்துவைப் பார்த்தேன். அவன் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தான். “அண்ணன் கூப்புட்ட சத்தத்துலதானுங்க நான் திரும்பிப் பாத்தேன். இல்லீன்னா அவ்வளவுதானுங்க,” என்றான்.

தாரணி வரவில்லை. துணி அடுக்குகிறாளாம்.

ஜூலை 1, திங்கள்

கேண்டீன் நிறைய கூட்டம். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். எழுந்து! பச்சைக் கலர், சரிகைக் கரை. கை தட்டல் ஐந்து நிமிடம். என்னைப் பேசச் சொன்னார்கள். தீ, புலி, தோள் எல்லாம் சொன்னேன். கூரை வரை என்பதைக் கூரைக்கு மேலே என்று ஆக்கினேன்.

கடைசி வரிசையில் அங்கமுத்துவும் கை தட்டினான். பக்கத்தில் தாரணியும் தட்டினாள். தன் அப்பாவைக் காப்பாற்றியவர் என்கிற மாதிரி தட்டினாள்.

மூக்கு, மூக்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மூக்கில் எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. நேற்றும் வரவில்லை, முந்தாநாளும் வரவில்லை. கொஞ்ச வருடமாகவே வருவதில்லை. கரித்தூசி.

ஈரல் குழம்பு வைத்திருந்தாள் தெய்வானை. இறங்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பத்தரைக்கு டீ வாங்கினேன். தூக்குப்போசியின் பிடி சுட்டது. பொன்னாடையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

தாரணி கண்ட்ரோல் ரூமில் பெட்டியின் திருகைக் கழற்ற உட்கார்ந்திருந்தாள். “ஒரு பத்து நிமிசம் கழட்டாத அம்மிணி,” என்றேன். மேனேஜரையும் கூப்பிட்டேன். இரண்டு பேரையும் சுரங்க வாய்க்குக் கூட்டி வந்து, தூக்குப்போசியை வளையத்துக்கு நடுவில் மாட்டினேன்.

“என்னய்யா இது, டீ குடிக்கவா கூப்ட்டே?”

“கொஞ்சம் பொறுங்க சார்.”

நின்றோம். அங்கமுத்து வாரியலோடு வந்து நின்றான். ஏழெட்டு நிமிடம் இருக்கும். வாக்கிடாக்கி கரகரத்தது: “ஏழாம் பகுதியில சூடு. அறுபத்து மூணு டிகிரி.”

தூக்குப்போசியைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் வாக்கிடாக்கியில் “எறங்குது” என்றான். திரும்ப மாட்டினேன்.

தாரணி ஆணியைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பத்தொம்போதாந் தேதி உங்ககிட்டக் கேட்டேனுங்களே.”

“கேட்ட கண்ணு.”

“இல்லீன்னு சொன்னீங்க.”

சோதனை செய்து பார்த்தேன், மெஷினைப் பரீட்சை வைத்தேன் என்று சொல்வதற்கு ஒரு நல்ல வாக்கியம் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். வாய்க்கு வரவில்லை. “மொத வாட்டி தெரியாதும்மா. அப்புறம் எல்லாம் தெரிஞ்சுதான்,” என்றேன்.

மேனேஜர் கத்தினார். என்ன கத்தினார் என்று எழுதப்போவதில்லை.

அவள் கத்தவில்லை. தூக்குப்போசியைத் தானே கழற்றித் தரையில் வைத்தாள். என்னைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்,” என்றாள்.

சார்.

ஜூலை 5, வெள்ளி

மெமோ வந்துவிட்டது. இனி எனக்கு எடைமேடையில் வேலை. லாரி நம்பர் எழுதுவது. மெஷின் அப்படியே இருக்கிறது. பொய் அலாரம் பத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, சோதனை மாதத்தைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். தாரணி இருக்கிறாள்.

மத்தியானம் ஒரு காகிதத்தோடு எடைமேடைக்கு வந்தாள். இருபத்தெட்டாம் தேதி அறிக்கையாம், சம்பவத்தில் இருந்தவர் கையெழுத்து வேண்டுமாம். அந்த இழை எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது. நான் எழுதுகிற டைரி மாதிரி இல்லை.

“சூடு காட்டினது பத்து நாப்பத்தொண்ணு. அவசரக் கயிறு இழுத்தது பத்து நாப்பத்தஞ்சு. நடுவுல நாலு நிமிசம் என்ன நடந்துச்சுன்னு எழுதணுமுங்க சார்.”

எழுதிக் கொடுத்தேன். அங்கே எழுதினதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த டைரியில் அந்தப் பழையதுதான் நிற்கும்.

முந்நூறு மீட்டர் இல்லை. இருபத்தாறு. தீ முழங்கால் உயரம், புகைதான் அதிகம். நான் யாரையும் தூக்கவில்லை. கயிற்றை இழுத்து, “சகலை!” என்று ஒரு சத்தம் போட்டேன். அதற்குள் புகை ஏறி நெஞ்சடைத்து உட்கார்ந்துவிட்டேன். அங்கமுத்து திரும்பிப் பார்த்துச் சிலிண்டரை எடுத்து அணைத்தான். பிறகு என் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தான். ஜெர்மனிக்காரன் போட்டோ எடுத்தது கரிக்குவியலை. நான் ஓரத்தில் நின்றேன்.

நாலு நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வளையம் குளிர்ந்திருக்கிறது என்று தொட்டபோதே தெரிந்துவிட்டது. அங்கமுத்து உள்ளே இருக்கிறான் என்றும் தெரியும். எழுந்து ஓடினால் அந்த நூல் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும். அதனால் உட்கார்ந்திருந்தேன்.

தாரணி படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். “இதை அப்பாகிட்டக் காட்டட்டுங்களா?” என்றாள். சாரும் இல்லை, பெரியப்பாவும் இல்லை.

“காட்டு.”

சாயங்காலம் ஸ்டூலில் வைத்திருந்த துண்டை எடுக்கச் சுரங்க வாய்க்குப் போனேன். அங்கமுத்து ஸ்டூல் மேல் ஏறி நின்று சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். இழை வளையத்திலிருந்து ஒரு ஆள் நீளம் தள்ளி, புதிதாக ஓர் ஆணி. காகிதம் அவன் சட்டைப் பையில் தெரிந்தது. கீழே இறங்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

“எடைமேடையில ஆணி இருக்குதுங்களாண்ணா?” என்றான்.

“இல்ல.”

“நாளைக்கு வந்து ஒண்ணு அடிச்சுத் தரேன்.”

வீட்டுக்கு வந்தேன். இதை எழுதினேன். உள்ளே ஓடினது மட்டும் நிஜம். நாலு நிமிடம் கழித்து.